பெட்டியின்மேல் எழுதப்படும் எண்: நுகர்வோர் பட்டாசுகளின் இடர் வகைப்பாடும் தூத்துக்குடித் துறைமுகமும்

ஆய்வுச்சுருக்கம்

பட்டாசு ஒரு நுகர்பொருள். சட்டத்தின் பார்வையில் அது வெடிபொருளும் ஆகும். இவ்விரு தன்மைகளையும் ஒருங்கே கையாளும் பொருட்டு வேதியியல் கலவை, போக்குவரத்து இடர், பயன்படுத்துவோர் பாதுகாப்பு என்னும் மூன்று அடிப்படைகளில் பட்டாசுகள் வகைப்படுத்தப்படுகின்றன. இம்மூன்று வகைப்பாடுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் துறைமுகம். 2025 அக்டோபரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் பொறியியல் பொருள் என்ற பெயரில் வந்த சீனத் தயாரிப்புப் பட்டாசுகள் கைப்பற்றப்பட்ட நிகழ்வை முன்னிறுத்தி, வகைப்பாடு எவ்வாறு உருவாகிறது, எதைச் சொல்கிறது, பொய்யாகும்போது யாரைத் தாக்குகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பட்டாசு, வெடிபொருள் விதிகள் 2008, இடர்ப்பிரிவு, குளோரேட், தூத்துக்குடித் துறைமுகம், பசுமைப் பட்டாசு, சிவகாசி.

முன்னுரை

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14 முதல் 18 வரை வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தின் அலுவலர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் நாற்பது அடி நீளமுள்ள இரண்டு சரக்குப் பெட்டகங்களை நிறுத்திச் சோதித்தனர். ஆவணங்களின்படி அவற்றில் இருந்தவை பொறியியல் பொருள்கள். முன்வரிசையில் சிலிக்கோன் பசை பீச்சும் கருவிகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் பின்னே 83,520 சீனப் பட்டாசுகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மதிப்பு 5.01 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த நேரம் அது.

இத்தகைய செய்திகள் பெரும்பாலும் வரி ஏய்ப்பாகவோ உள்நாட்டுத் தொழிலுக்கு நேர்ந்த பாதிப்பாகவோ மட்டுமே பேசப்படுகின்றன. அவை இரண்டும் உண்மையே. எனினும் அப்பெட்டகங்கள் கப்பலில் ஏறியது முதல் திறக்கப்பட்டது வரை அவற்றைத் தொட்ட ஒவ்வொருவரும் ஒரு தகவல் இன்றியே தொட்டனர் என்பது மூன்றாவது உண்மை. கப்பலில் எந்தச் சரக்கின் அருகே வைப்பது, பாரந்தூக்கியில் எவ்வாறு இறக்குவது, வெயிலில் எத்தனை நாள் கிடத்துவது, தீப்பிடித்தால் அருகே செல்வதா விலகி ஓடுவதா ஆகிய முடிவுகள் அனைத்தும் பெட்டகத்தின்மேல் ஒட்டப்பட வேண்டிய ஓர் எண்ணைச் சார்ந்தவை. அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால்தான் அது இல்லாமற்போவதன் பொருள் விளங்கும்.

1. களம்: முத்துக்கரையும் பட்டாசு நிலமும்

தூத்துக்குடி முத்துக்குளித்துறையின் தலைநகராக நெடுங்காலம் விளங்கியது. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பின் அத்தொழில் இக்கரையில் நின்றுபோயிற்று. 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா இத்துறைமுகத்தின் அண்டையிலேயே அமைந்துள்ளது.

இத்துறைமுகத்தின் பின்னிலம் தனித்தன்மை உடையது. தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அதற்கு அப்பால், துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் சிவகாசி உள்ளது. 1923இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தயாரிப்பைக் கற்றுவந்ததில் அவ்வூரின் தொழில் வரலாறு தொடங்குகிறது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து பட்டாசும் வளர்ந்தன. இந்தியாவில் விற்பனையாகும் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தில் உருவாகிறது. ஆகவே, நாட்டின் பட்டாசு உற்பத்தி மையத்துக்கு மிக அருகிலுள்ள பெருந்துறைமுகத்திலேயே அயல்நாட்டுப் பட்டாசு ஒளிந்து வந்து சேர்ந்தது. இதனைத் தற்செயலாகக் கொண்டாலும், உள்நாட்டு உற்பத்தியாளர் கட்டுப்பட வேண்டிய விதிகளையும் அயல் சரக்கு தப்பிய விதிகளையும் ஒப்பிட்டு நோக்க இந்நிகழ்வு வாய்ப்பளிக்கிறது.

2. பட்டாசின் இடர் எங்கிருந்து வருகிறது

எந்தப் பட்டாசும் இரண்டு அடிப்படைக் கூறுகளால் ஆனது. ஒன்று எரிபொருள், மற்றொன்று ஆக்சிஜன் தரும் உப்பு. கந்தகம், கரி, அலுமினியத் தூள் ஆகியன எரிபொருள்கள். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், தொழிலில் பச்சை உப்பு என வழங்கும் பேரியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்குளோரேட், பொட்டாசியம் குளோரேட் ஆகியன ஆக்சிஜன் தருவன. எரிவதற்கான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் பட்டாசுத் தீயைக் காற்றை மறித்து அணைக்க இயலாது. மணலோ நுரையோ மூடினாலும் உள்ளே எரிதல் தொடரும்.

ஒரே கலவை பொருளின் வடிவத்துக்கேற்ப வேறுவேறாக நடந்துகொள்ளும். கம்பியின்மேல் பசையாகப் பூசி உலர்த்தப்பட்ட மருந்து நிமிடக்கணக்கில் பொறி உதிர்க்கும். அதையொத்த உப்பும் உலோகமும் நுண்தூளாக்கப்பட்டு, தாள்குழாய்க்குள் அடைக்கப்பட்டு, சணல்நூலால் இறுகச் சுற்றப்பட்டால் நொடியின் சிறுபகுதிக்குள் வெடிக்கும். துகளின் நுண்மை, அடைப்பின் இறுக்கம், மருந்தின் எடை, பெட்டிக்குள் அடுக்கும் முறை ஆகிய நான்கும் சேர்ந்தே இடரைத் தீர்மானிக்கின்றன.

இவற்றோடு ஈரமும் சேரும். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த கலவை நனைந்தால் மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். வெப்பம் வெளியேற வழியில்லாத குவியலில் அது தானே தீப்பற்றும் அளவுக்கு உயரக்கூடும். அதனால்தான் இத்தகைய கலவைகளில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். கடற்கரையின் ஈரக்காற்றும், வெயிலில் காயும் இரும்புப் பெட்டகத்தின் உள்வெப்பமும் சேரும் துறைமுகச் சூழலில் இது புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று.

3. இந்தியச் சட்டத்தின் வகைப்பாடு

இந்தியாவில் பட்டாசுகளை ஆளும் முதன்மைச் சட்டம் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். அதன்கீழ் இயற்றப்பட்ட வெடிபொருள் விதிகள் 2008 இன்று நடைமுறையில் உள்ளன. இவற்றைச் செயற்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ). 1898இல் வெடிபொருள் துறையாகத் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, சிவகாசியில் பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம் ஒன்றையும் நடத்துகிறது.

இவ்விதிகள் வெடிபொருள்களை வகுப்புகளாகப் பிரிக்கின்றன. கரிமருந்து முதல் வகுப்பு. நைட்ரேட் கலவைகள் இரண்டாம் வகுப்பு. குளோரேட் கலவைகள் நான்காம் வகுப்பு. பட்டாசுகள் ஏழாம் வகுப்பு. ஏழாம் வகுப்பினுள் பட்டாசு மருந்துக் கலவை ஒரு பிரிவு. தயாரித்து முடிக்கப்பட்ட பட்டாசு மற்றொரு பிரிவு. இப்பகுப்பு பொருள் பொதிந்தது. ஏனெனில் தளர்ந்த மருந்துக் கலவையே உராய்வுக்கும் தீப்பொறிக்கும் மிக எளிதில் இரையாவது. மருந்து கலத்தல், குழாயில் செலுத்தல், பேன்சி ரகங்களுக்கான மணிமருந்து உருட்டுதல் போன்ற பணிகளின்போது விபத்துகள் நேர்வதற்குக் காரணமும் இதுவே. பணிமனைகளைத் தனித்தனியே இடைவெளி விட்டுக் கட்டுதல், ஒரு மனையில் நால்வருக்கு மிகாமல் அமர்த்துதல், அன்றாட மருந்தை அன்றே தீர்த்தல் ஆகிய கட்டுப்பாடுகள் இப்புரிதலின் விளைவுகளே. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்த பெருவிபத்துகள் இக்கட்டுப்பாடுகளின் இன்றியமையாமையைத் துயரத்தோடு உணர்த்தின.

கிடங்குகளுக்கான பாதுகாப்புத் தொலைவைக் கணக்கிட எக்ஸ், ஒய், இசட், இசட்-இசட் என்னும் நான்கு வகைகள் பயன்படுகின்றன. தீயோ சிறு வெடிப்போ உண்டாகி, விளைவு அவ்விடத்தோடு அடங்குவது எக்ஸ். மொத்தமாகத் தீப்பற்றும் இடரோ நடுத்தர வெடிப்பிடரோ உடையது ஒய். ஒட்டுமொத்தமாக ஒரே கணத்தில் வெடிக்கக்கூடியவை இசட்டும் இசட்-இசட்டும். இருப்பின் எடையும் இவ்வகையும் சேர்ந்தே, கிடங்குக்கும் அண்டை வீட்டுக்கும் இடையில் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்கின்றன.

இங்கு ஒரு சொற்குழப்பத்தைச் சுட்டுதல் வேண்டும். இந்திய விதிகளில் ‘சீனப் பட்டாசு’ என்னும் தொடர் சிறு தாள்வெடி வகை ஒன்றின் பெயர். அது எந்த நாட்டில் தயாரிக்கப்பட்டது என்பதைக் குறிப்பதன்று. கம்பி மத்தாப்போடு சேர்த்து எண்ணப்படும் இவ்வகையை, குறைந்த இடருடையது என்பதால், பிற பட்டாசுகளைவிடக் கூடுதல் எடையில் கடைகளில் இருப்புவைக்க விதிகள் இடமளிக்கின்றன. செய்தித்தாள்கள் குறிப்பிடும் ‘சீனப் பட்டாசு’ சீனாவிலிருந்து இறக்குமதியான எந்த வகையும் ஆகலாம். சட்டத்தில் எளிய பொருளைக் குறிக்கும் தொடரே வழக்கில் தடைப்பட்ட பொருளைக் குறிக்கிறது. ஆவணங்களைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

4. கடல்வழிக்கான வகைப்பாடு

கப்பலில் ஏறும் பட்டாசுக்கு உள்நாட்டு வகுப்பு எண் போதாது. ஆபத்தான பொருள்களின் போக்குவரத்துக்கென ஐக்கிய நாடுகள் அவை வகுத்த மாதிரி விதிகளும், அவற்றை அடியொற்றிய பன்னாட்டுக் கடல்சார் ஆபத்தான சரக்குக் குறியேடும் இங்கே ஆட்சி செலுத்துகின்றன. இக்குறியேடு 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

இம்முறையில் வெடிபொருள்கள் அனைத்தும் முதலாம் வகுப்பு. அதனுள் ஆறு இடர்ப்பிரிவுகள் உள்ளன. 1.1 ஒட்டுமொத்தமாக வெடிப்பது, 1.2 துண்டுகளை வீசியெறிவது, 1.3 பெருந்தீயும் சிறு வெடிப்பும் விளைப்பது; 1.4 விளைவு பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே அடங்குவது, 1.5, 1.6 ஆகியன எளிதில் தூண்டப்படாத வெடிபொருள்களுக்கு உரியவை. எண்ணையடுத்து வரும் எழுத்து, எதனோடு எதைச் சேர்த்து அடுக்கலாம் என்பதைக் குறிக்கும் ஒத்திசைவுத் தொகுதி. பட்டாசுகளுக்கு உரியது பெரும்பாலும் ‘ஜி’. ஆகவே நுகர்வோர் பட்டாசுப் பெட்டியில் வழக்கமாகக் காணப்பட வேண்டியது 1.4ஜி, அதற்குரிய ஐ.நா. எண் 0336. வாணவேடிக்கை நிகழ்ச்சிகளில் தேர்ந்தவர்கள் கொளுத்தும் வீரியமான வகைகள் பல 1.3ஜி, அவற்றின் எண் 0335. ஒட்டுமொத்தமாக வெடிக்கக்கூடிய பட்டாசின் எண் 0333.

இவ்வெண் சோதனையின் வழியே வழங்கப்படுகிறது. ஒரு பெட்டியின் உள்ளே தீமூட்டி, பெட்டி முழுவதும் ஒருசேர வெடிக்கிறதா எனப் பார்ப்பது முதற்படி. பல பெட்டிகளை அடுக்கி, ஒன்றின் வெடிப்பு அடுத்ததற்குத் தாவுகிறதா எனப் பார்ப்பது இரண்டாம்படி. அடுக்கு முழுவதையும் எரியும் நெருப்பில் இட்டு, தீப்பிழம்பின் வீச்சையும் சிதறும் துண்டுகளையும் அளப்பது மூன்றாம்படி. சோதிக்கப்படுவது பெட்டியில் அடைக்கப்பட்ட பட்டாசு என்பது இங்கே கருதத்தக்கது. அதே பட்டாசை வேறு பெட்டியில், வேறு எண்ணிக்கையில் அடைத்தால் இடர்ப்பிரிவு மாறக்கூடும். ஆதலால் 1.4 என்பதைப் பட்டாசின் பிறவிக்குணமாகக் கொள்ளலாகாது. குறிப்பிட்ட கட்டுமானத்தோடு அமைந்த குறிப்பிட்ட பொதியின் நடத்தையையே அது விவரிக்கிறது.

ஆயிரக்கணக்கான வகைகளையும் தனித்தனியே சோதிப்பது அரிது என்பதால் ஐ.நா. விதிகளில் இயல்நிலை வகைப்பாட்டு அட்டவணை ஒன்று தரப்பட்டுள்ளது. அதன்படி, ஒரு வெடியில் உள்ள மின்னொளிக் கலவை 0.14 கிராமுக்கு மிகாமலோ கரிமருந்து 1 கிராமுக்கு மிகாமலோ இருந்தால் அது 1.4ஜி. நைட்ரேட் அடிப்படையிலான கம்பி மத்தாப்பு ஒன்றில் மருந்து 30 கிராமுக்கு மிகாவிடில் 1.4ஜி. பெர்குளோரேட் அடிப்படையிலான மத்தாப்பாயின் எல்லை 5 கிராம். ஒரு பொதியில் பத்துக்கு மேலும் இருத்தல் கூடாது. விட்டம் 180 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள வாணக்குண்டு 1.1ஜி. குழந்தைகளின் கைப்பொருளாகக் கருதப்படும் மத்தாப்புக்கும் உப்பு மாறினால் எல்லை மாறுகிறது. வெளித்தோற்றத்தைக் கொண்டு இடரை மதிப்பிட இயலாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

5. எண் பொய்யானபோது: என்ஸ்கெடே

இவ்வட்டவணை இன்றைய வடிவை அடைவதற்குப் பின்னணியில் ஒரு பேரழிவு இருக்கிறது. 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில், குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்தது. தீயணைப்பு வீரர் நால்வர் உட்பட 23 பேர் இறந்தனர். ஏறத்தாழ 950 பேர் காயமுற்றனர். ரோம்பேக் என்னும் குடியிருப்புப் பகுதி தரைமட்டமாயிற்று.

அக்கிடங்கின் உரிமம் பெருமளவில் 1.4 வகுப்புப் பட்டாசுகளை அடிப்படையாகக் கொண்டது. விசாரணையில், இருப்பில் பெரும்பகுதி பெட்டியின்மேல் குறித்திருந்ததைவிட வீரியமான பட்டாசு எனத் தெரியவந்தது. 1.4 என்ற எண்ணை நம்பினால் தீயணைப்பாளர் தக்க தொலைவில் நின்று போராடலாம். 1.1 என்று அறிந்திருந்தால் அவர் செய்ய வேண்டிய முதற்பணி, மக்களை வெளியேற்றித் தாமும் விலகுவதே. ஓர் இலக்கத்தின் பிழை உயிரிழப்பாக மாறும் வழி இதுதான். அதன்பின் ஐரோப்பாவில் மேற்கொள்ளப்பட்ட பெரிய அளவிலான சோதனைகள், சரக்குப் பெட்டகம் போன்ற மூடிய இரும்பறைக்குள் குவியும் பட்டாசின் இடர் தனிப்பெட்டிச் சோதனை காட்டுவதைவிட மிகக்கூடும் என்பதை வெளிப்படுத்தின. 2004 நவம்பர் 3 அன்று டென்மார்க்கின் கோல்டிங் நகரை அடுத்த சீஸ்டில் நிகழ்ந்த பட்டாசுக் கிடங்கு விபத்தும் இக்கருத்தை வலியுறுத்தியது.

தூத்துக்குடியில் பிடிபட்ட பெட்டகங்களில் தவறான எண்கூட இல்லை. ‘பொறியியல் பொருள்’ என்ற சொல் வெடிபொருள் வகுப்புக்கே வெளியே நிற்பது. என்ஸ்கெடேயில் எச்சரிக்கை குறைத்துச் சொல்லப்பட்டது. இங்கே எச்சரிக்கை முற்றாக நீக்கப்பட்டிருந்தது.

6. வேதிப்பொருள் தடைகள்

வகைப்பாடு எத்துணை ஆபத்து எனச் சொல்கிறது. தடை எது கூடவே கூடாது எனச் சொல்கிறது. இந்தியாவின் தடைகள் இரண்டு வேறுபட்ட நோக்கங்களிலிருந்து பிறந்தவை.

முதலாவது கையாள்வோர் பாதுகாப்பு. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்விலும் தீப்பற்றும். கந்தகத்தில் தங்கியிருக்கும் அமிலத்தன்மை குளோரேட்டைச் சிதைத்து, தூண்டுதலின்றியே எரியச் செய்வதும் உண்டு. எனவே 1992 ஜனவரியில் வெளியான அறிவிக்கையின் வாயிலாக, கந்தகத்துடன் குளோரேட் கலந்த வெடிபொருள்களைத் தயாரித்தலும் வைத்திருத்தலும் இறக்குமதி செய்தலும் தடைசெய்யப்பட்டன. இதற்கு விதிவிலக்குகள் உண்டு: சிறிய அளவில் அறிவியல் பயன்பாடு, தீக்குச்சி முனைகள், பொம்மைத் துப்பாக்கிக்கான பொட்டுவெடி. கோவில்பட்டித் தீக்குச்சியின் தலையில் அனுமதிக்கப்படும் அதே சேர்க்கை சிவகாசிப் பட்டாசினுள் குற்றமாகிறது. காரணம் அளவும் அமைப்பும். தீக்குச்சி முனையில் பசையோடு பிணைந்த சில மில்லிகிராம் மருந்து எரியும்; அடைபட்ட குழாயில் உள்ள தளர்ந்த தூள் வெடிக்கும். குளோரேட் பெர்குளோரேட்டையும் நைட்ரேட்டையும்விட மலிவான உப்பு என்பதால், அதைப் பயன்படுத்தும் அயல்நாட்டுப் பட்டாசு விலையில் முந்துகிறது. அவ்விலைக்குறைவின் மறுபக்கம், அதைத் தூக்குவோரும் கொளுத்துவோரும் ஏற்கும் இடரே.

இரண்டாவது நோக்கம் உடல்நலமும் சூழலும். 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றை எவ்வடிவிலும் பட்டாசில் பயன்படுத்தத் தடைவிதித்தது. அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பில் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடைசெய்து, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. பேரியத் தடையை 2021இலும் 2023இலும் உறுதிசெய்தது. அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்னும் பெயர்களில் மாற்றுக் கலவைகளை உருவாக்கியது. வழக்கமான பட்டாசைக் காட்டிலும் நுண்துகள் வெளியேற்றம் 30 விழுக்காடேனும் குறைய வேண்டும் என்பது இவற்றின் இலக்கு.

பசுமைப் பட்டாசு என்னும் பெயர் புகையைப் பற்றியது. வெடிப்பிடரைப் பற்றியது அன்று. மாசு குறைந்த பட்டாசும் ஏழாம் வகுப்பு வெடிபொருளே. அதற்கும் அதே கிடங்குத் தொலைவு, அதே எச்சரிக்கை, அதே உரிமம் தேவை. பொதுமக்களிடையே இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் போக்கு காணப்படுவதால் இவ்வேறுபாடு அழுத்தம் பெற வேண்டியுள்ளது.

7. ஒலியும் பயன்படுத்துவோரும்

ஒலிக்கென 1999ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் தனி அளவு சேர்க்கப்பட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில், ஏ-நிறை உந்தொலி அளவில் 125 டெசிபெல்லுக்கோ சி-நிறை உச்ச அளவில் 145 டெசிபெல்லுக்கோ மேற்பட்ட ஒலி எழுப்பும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. சரவெடியாயின், கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்குரிய பத்தடிமான மடக்கையின் ஐந்து மடங்கை இவ்வெல்லையிலிருந்து கழிக்க வேண்டும். பத்து வெடிகொண்ட சரத்துக்கு 5 டெசிபெல்லும், நூறுக்கு 10 டெசிபெல்லும், ஆயிரத்துக்கு 15 டெசிபெல்லும் குறையும். அதாவது ஆயிரம் வாலாவின் ஒவ்வொரு வெடியும் 110 டெசிபெல்லுக்குள் அடங்க வேண்டியிருந்தது. 2018 தீர்ப்பு சரவெடிகளையே விலக்கியது. அத்தீர்ப்பின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்கும் நேரமாக வகுக்கப்பட்டது.

பயன்படுத்துவோரை மையமாகக் கொண்ட வகைப்பாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை தக்க எடுத்துக்காட்டு. அங்கே பட்டாசுகள் நான்கு பிரிவுகள். முதற்பிரிவு மிகக் குறைந்த இடருடையது. 12 வயது நிறைந்தோர் வாங்கலாம். இரண்டாம் பிரிவுக்கு 16 வயது. மூன்றாம் பிரிவுக்கு 18 வயது. நான்காம் பிரிவு தனியறிவு பெற்ற தொழில்வல்லுநர்க்கு மட்டும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதும் பிரிவோடு சேர்ந்தே வருகிறது: முதற்பிரிவுக்கு 1 மீட்டர், இரண்டாவதற்கு 8 மீட்டர், மூன்றாவதற்கு 15 மீட்டர் என்பன சோதனைக்கான தொலைவுகள். அமெரிக்காவில் தரையில் வெடிக்கும் நுகர்வோர் வெடியின் ஒலிமருந்து 50 மில்லிகிராமுக்குள் அடங்க வேண்டும்.

இந்திய வகைப்பாட்டில் கலவை, எடை, ஒலி, கிடங்கு ஆகியன தலைமை அளவுகோல்களாக உள்ளன. வாங்குவோரின் வயதும் நிற்க வேண்டிய தொலைவும் அவ்விடத்தைப் பெறவில்லை. பெட்டியில் ‘பெரியோர் மேற்பார்வையில்’ என்பது போன்ற அறிவுரைகள் அச்சாகின்றன. ஆயினும் புஸ்வாணமும் அணுகுண்டும் ஒரே அன்பளிப்புப் பெட்டிக்குள் அருகருகே விற்கப்படும் சூழலில், எது சிறுவர்க்கு உரியது, எது அன்று என்பதை ஒரு பார்வையில் உணர்த்தும் எண் நுகர்வோர் கையில் இல்லை.

8. துறைமுகத்தின் பொறுப்பு

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின்படி பட்டாசு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட இனம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமும், வெடிபொருள் விதிகளின்கீழ் பெசோவின் உரிமமும் இன்றி எவரும் கொண்டுவர இயலாது. உரிமமின்றி வந்ததும், பெயர் மாற்றிச் சொல்லப்பட்டதும் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 111ஆம் பிரிவின்கீழ் பறிமுதலுக்கு உரியன. சட்டம் தெளிவாகவே உள்ளது.

நடைமுறையில் சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. பெருந்துறைமுகங்களில் ஒவ்வொரு பெட்டகத்தையும் திறந்து பார்த்தல் இயலாது. ஆவணத்தில் இறக்குமதியாளர் தாமே தரும் விவரமே முதல் அடிப்படை. ஐயத்துக்குரியவை மட்டும் தேர்ந்து சோதிக்கப்படுகின்றன. ஆகவே பொய் விவரம் பிடிபடும்வரை அப்பெட்டகம் பிற பெட்டகங்களோடு ஒன்றாகவே நடத்தப்படும். வெடிபொருளாக அறிவிக்கப்பட்டிருந்தால் கப்பலில் வெப்பத்திலிருந்தும் எளிதில் எரியும் சரக்கிலிருந்தும் விலக்கி வைக்கப்பட்டிருக்கும். இறக்கியதும் தனியிடத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். இப்பாதுகாப்புகள் எதுவும் அதற்குக் கிடைப்பதில்லை. கப்பல் பணியாளர், பாரந்தூக்கி இயக்குநர், பெட்டகத்தை இழுத்துச்செல்லும் லாரி ஓட்டுநர், கிடங்குச் சுமைதூக்குவோர் ஆகியோர் தாம் அறியாமலே வெடிபொருள் தொழிலாளராகின்றனர்.

பிடிபட்ட பின்னும் பொறுப்பு முடிவதில்லை. 2015இல் பறிமுதல் செய்யப்பட்ட ஏறத்தாழ 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 பெட்டகங்களில், சென்னை மணலியிலுள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்தாண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், ஆண்டுக்கணக்கில் தேங்கிக்கிடந்த அதே வேதிப்பொருள் வெடித்து நகரைச் சிதைத்த பின்னரே அது ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது. பறிமுதலான பொருள் வழக்குச் சான்று என்பதால் காத்திருக்கிறது. வெடிபொருளோ காலத்தாலும் ஈரத்தாலும் நிலைகெடும் இயல்புடையது. இவ்விரண்டு காலக்கணக்குகளும் பொருந்துவதில்லை. மாதிரி எடுத்துச் சோதித்துப் பதிவுசெய்த பின் எஞ்சியவற்றைப் பெசோவின் மேற்பார்வையில் விரைந்து அழிக்கும் நடைமுறை, பட்டாசைப் பொறுத்தவரை சான்றுக்கும் பாதுகாப்புக்கும் ஒருங்கே இடந்தரும். குறிப்பாக, எந்த இடர்ப்பிரிவைச் சார்ந்தது என்று எவரும் சோதித்தறியாத சரக்கை, சோதிக்கப்படும்வரை 1.1 எனக் கொண்டு நடத்துவதே அறிவுடைமை.

விற்பனை முனையிலும் இதே சங்கிலி நீள்கிறது. பண்டிகைக்காலத் தற்காலிகக் கடைகள் எரியாப் பொருளால் கட்டப்பட வேண்டும். ஒன்றுக்கொன்று 3 மீட்டரும், பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து 50 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். எதிரெதிரே அமைதல் கூடாது. ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது என விதிகள் கூறுகின்றன. இத்தொலைவுகள் அனைத்தும், கடையில் இருப்பது இந்திய விதிகளுக்கு உட்பட்ட பட்டாசு என்ற நம்பிக்கையில் கணக்கிடப்பட்டவை. குளோரேட் கலந்த சரக்கு அங்கே நுழையுமாயின் 3 மீட்டர் என்னும் இடைவெளி தன் பொருளை இழக்கிறது.

முடிவுரை

இடர் வகைப்பாட்டை அலுவலகச் சடங்காகக் கருதுவது எளிது. தயாரிப்பவர் அறிந்த உண்மையை, அதைத் தயாரிக்காத பிறருக்குக் கடத்தும் சுருக்கமான மொழி அது என இவ்வாய்வு காட்டுகிறது. மருந்து கலந்தவர்க்குக் கலவை தெரியும். பெட்டகத்தை இறக்குபவர்க்கும் தீயணைப்பவர்க்கும் கொளுத்தும் குடும்பத்தினர்க்கும் எண்ணும் எழுத்தும் மட்டுமே தெரியும். அவ்வெண் மெய்யாயிருத்தல் அவர்கள் அனைவரின் உரிமை.

இதன்வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பட்டாசைப் பொய்ப்பெயரில் கொண்டுவருதல் வரிக்குற்றம் என்பதோடு, துறைமுகத் தொழிலாளர்க்கு எதிரான பாதுகாப்புக் குற்றமாகவும் மதிக்கப்பட வேண்டும். இரண்டு, பறிமுதலான பட்டாசை அகற்றுவதற்குக் காலவரையறை தேவை. மூன்று, சில்லறைப் பெட்டியில் வயதையும் நிற்க வேண்டிய தொலைவையும் தமிழில், எண்ணில், எளிதில் காணும்படி அச்சிடும் பயனர் வகைப்பாடு இந்திய விதிகளில் இடம்பெறுதல் நலம். உள்நாட்டு உற்பத்தியாளர் குளோரேட்டையும் பேரியத்தையும் கைவிட்டு ஏற்ற கட்டுப்பாடு, கடல்வழியே ஒளிந்து வரும் சரக்கால் பொருளற்றுப் போகாதிருக்க வேண்டுமெனில், தூத்துக்குடித் துறைமுகத்தின் வாயிலில் நடக்கும் சோதனையும் சிவகாசியின் மருந்தறையில் நடக்கும் சோதனையும் ஒரே பாதுகாப்பின் இரு முனைகளாகக் கருதப்படுதல் வேண்டும்.